மெஷின் முதல்லயா, சிஸ்டம் முதல்லயா? பிறையிலருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேள்வி: வணக்கம் சார். பினாங்கு மாநிலம் பிறையில எங்க அப்பா நடத்துற மெட்டல் பார்ட்ஸ் ஃபேக்டரியில நான் அக்கவுன்ட்ஸ் பார்க்குறேன். அஞ்சு சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் மூலமா மெட்டல் வெட்டுற மெஷின்), 38 ஆளு, வருசத்துக்கு சுமாரா 9 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) விற்பனை. பாயான் லெப்பாஸ், பத்து காவான் பக்கம் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு சப்ளை பண்றோம். டெலிவரி லேட்டாவுது, அதனால ஆறாவது மெஷின் வாங்கணும்ங்கிறார் அப்பா, விலை 650,000 வெள்ளி. தம்பி ஈஆர்பியும் (ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல பார்க்குற சாஃப்ட்வேர்) மெஷின் ஓடுறத கவனிக்கிற மானிட்டரிங்கும் போடணும்ங்கிறான், கொட்டேஷன் 420,000 வெள்ளி. ரெண்டுக்கும் சேர்த்து பேங்க்ல கடன் கிடைக்காது. வெண்டர் 14 மாசத்துல போட்ட காசு திரும்பிரும்னு ஒரு எக்செல் கொடுத்துட்டுப் போயிருக்கார், அதையும் கொட்டேஷனையும் இதோட அனுப்பியிருக்கேன். அப்பா கஸ்டமருக்கு விலை போடுறது டிராயிங்க பார்த்து மெட்டீரியல் எடை, மெஷின் நேரம், அப்புறம் அனுபவத்துல ஒரு தொகைன்னுதான். அப்பா "கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு அவ்வளவு காசா"ன்னு கேக்குறார். எதை முதல்ல செய்யலாம், அந்த 14 மாசக் கணக்க நம்பலாமா?

பதில்: வணக்கம் மா. கடிதத்தையும் எக்செல்லையும் உக்காந்து முழுசா பார்த்தேன். நேரா சொல்லிடுறேன், இப்போதைக்கு ரெண்டுலயுமே கையெழுத்துப் போடாதீங்க. அப்பா சொல்றது சரியா தம்பி சொல்றது சரியான்னு தீர்ப்பு சொல்றதுக்கு வேண்டிய ஒரு நம்பர் உங்க வீட்ல யார்கிட்டயும் இல்ல, அந்த நம்பர் தெரியாம 650,000 வெள்ளியும் போடக்கூடாது, 420,000 வெள்ளியும் போடக்கூடாது. இப்ப இருக்குற அஞ்சு மெஷினும் ஒரு வாரத்துல உண்மையிலேயே எத்தன மணி நேரம் ஓடுதுங்கிறதுதான் அது.

டெலிவரி லேட்டாவுதுன்னா மெஷின் பத்தலன்னு நினைக்கிறது இயல்பு. ஆனா ஃபேக்டரி சத்தமா இருக்கு, எல்லாரும் பரபரப்பா இருக்காங்கங்கிறதால மெஷின் ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம் ஆகாது மா. காலையில ஷிஃப்ட் ஆரம்பிச்சு ஒரு மெஷின் பக்கத்துலயே நின்னு பாருங்க. முந்தின ஜாப்போட ஜாஸ் (பீஸ பிடிச்சுக்கிற தாடை) கழட்டணும், புது ஜாஸ் மாட்டி பிடிக்கணும், டூல் எங்கன்னு தேடணும், ஆஃப்செட் (டூலும் பீஸும் எங்க இருக்குங்கிற அளவு) போடணும், முதல் பீஸ் வெட்டி கியூசிக்கு, அதாவது தரம் பார்க்குற இடத்துக்கு, எடுத்துட்டுப் போவாங்க, அங்க ஏற்கனவே நாலு பீஸ் வரிசையில இருக்கும், அது ஓகே ஆகி வர்ற வரைக்கும் மெஷின் லைட்டு எரிஞ்சுக்கிட்டு சும்மா நிக்கும். இதெல்லாம் யாரோட சோம்பேறித்தனமும் இல்ல, ஆளுங்க கஷ்டப்பட்டுத்தான் வேலை செய்றாங்க, ஆனா மெட்டல் வெட்டுப்படல.

இத அளக்க உங்களுக்கு முதல்ல ஒரு காசும் செலவு இல்ல. உங்க மெஷின்ல ஃபானுக் கம்பெனியோட கண்ட்ரோலர் (மெஷின இயக்குற கம்ப்யூட்டர்) இருந்தா, நிறைய மெஷின்ல அதுதான் இருக்கும், செட்டிங் பக்கத்துக்குள்ள டைமர் ஸ்கிரீன் ஒன்னு இருக்கு, அதுல பவர் ஆன் நேரம், ஓடுன நேரம், கட்டிங் நேரம் மூனும் தனித்தனியா ஏறிக்கிட்டே இருக்கும். ஓடுன நேரத்துல நிப்பாட்டுனதும் நடுவுல பட்டன் அழுத்தி ஃபீட் ஹோல்ட்ல நிறுத்தி வெச்சதும் சேராது, கட்டிங் நேரம் டூல் நகர்ந்து வெட்டுனது மட்டும்தான். திங்கட்கிழமை காலையில அஞ்சு மெஷினோட நம்பரையும் போன்ல படம் எடுங்க, அடுத்த திங்கள் அதே நேரத்துக்குத் திரும்ப எடுங்க, கழிச்சுப் பாருங்க. வேற கண்ட்ரோலரா இருந்தாலும் மெஷின் தலைமேல பச்சை, மஞ்சள், சிவப்பு லைட்டு இருக்கும்ல, பச்சை எரியுற நேரத்த எண்ணுற சின்ன சென்சார் கடையில கிடைக்குது, இல்லன்னா கரண்ட் கேபிள்ல கிளாம்ப் மாட்டி ஓடுதா நிக்குதான்னு பதிவு பண்ணலாம். ஒரு மாசம் செஞ்சா ஓரளவு தெரியும், மூனு மாசம் செஞ்சா ஆர்டர் ஏத்த இறக்கமும் அதுக்குள்ள வந்துரும்.

இப்ப ஒரு கணக்கு சொல்றேன், இது உதாரணத்துக்குத்தான், உங்க நம்பர் வேற மாதிரி வரலாம். ரெண்டு ஷிஃப்ட்டு, ஓவர்டைம் எல்லாம் சேர்த்து ஒரு மெஷினுக்கு வாரத்துக்கு 100 மணி நேரம் ஆள் இருக்குன்னு வைங்க. அதுல ஓடுன நேரம் 45 மணின்னு வருது. செட்டப்புக்கு, அதாவது ஒரு ஜாப்லருந்து அடுத்த ஜாப்புக்கு மெஷின மாத்தி அமைக்க, 25 மணி போவுது, கியூசிக்காகக் காத்திருக்கறது 12 மணி, மிச்சம் 18 மணி மெட்டீரியல் வரல, டூல் இல்ல, ப்ரோக்ராம் இல்லன்னு போவுது. செட்டப் 25 மணிய 17 ஆக்குனா ஒரு மெஷினுக்கு 8 மணி மிச்சம், அஞ்சு மெஷினுக்கு 40 மணி. நீங்க 650,000 வெள்ளி கொடுத்து வாங்குற ஆறாவது மெஷினும் அதே ஃபேக்டரியில, அதே ஆளுங்க கையில, அதே கியூசி வரிசையில நின்னு வாரத்துக்கு 45 மணிதான் ஓடும். அப்போ கிட்டத்தட்ட ஒரு மெஷின் ஏற்கனவே உங்க ஃபேக்டரிக்குள்ளேயே இருக்கு மா. செட்டப்ப குறைக்கிறது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய வித்தையும் இல்ல, ஜப்பான்ல ஷிகேயோ ஷிங்கோங்கிற உற்பத்தி நிபுணர் சொல்லிக்கொடுத்ததுதான், மெஷின் இந்த ஜாப் ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே அடுத்த ஜாப்போட ஜாஸ், டூல், ப்ரோக்ராம், டிராயிங் எல்லாத்தையும் ஒரு தள்ளுவண்டியில ரெடியா வெச்சுர்றது.

இதுக்கு நேர் எதிராவும் வரலாம். ஓடுன நேரமே 100க்கு 85ன்னு வந்துச்சுன்னா அப்பா சொல்றதுதான் சரி, மெஷின் வாங்குங்க, தம்பிகூட மறுத்துப் பேச முடியாது, பேங்க் ஆபிசர்கிட்டயும் அதே நம்பர கொண்டுபோய் காட்டலாம்.

கம்பெனிங்க முதலீட்டு முடிவு எடுக்குறதுல டிஜிட்டல் விசயத்தால வந்திருக்கிற பெரிய மாத்தம் இதுதான்னு நான் நினைக்கிறேன். முன்னெல்லாம் மெஷின் வாங்குற முதலாளி பெரிய காசப் போட்டுட்டுத்தான் அது சரியா தப்பான்னு தெரிஞ்சுக்க முடியும். இப்ப சின்ன காசுக்கு முதல்ல தகவல வாங்கிக்கலாம், அந்தத் தகவல் வந்ததுக்கப்புறம் பெரிய காசப் பத்தி முடிவு பண்ணலாம். சும்மா தள்ளிப் போடுறதுக்குக்கூட ஒரு மதிப்பு இருக்கு, 650,000 வெள்ளிய 6 விழுக்காடு வட்டிக்கு எடுக்குறீங்கன்னா ஒரு வருசம் தள்ளிப்போனா 39,000 வெள்ளி வட்டி மிச்சம், அந்த ஒரு வருசத்துல மெஷின் தேவையே இல்லன்னு தெரிஞ்சா முழு காசும் மிச்சம். ஆனா பலபேர் செய்றது என்னன்னா டிஜிட்டலையும் ஒரு மெஷின் மாதிரியே மொத்தமா ஒரே நாள்ல வாங்கிர்றாங்க, அங்கதான் சறுக்குது.

சரி, 14 மாசக் கணக்குக்கு வர்றேன். 420,000 வெள்ளிய 14ல வகுத்தா மாசம் 30,000, அதாவது மாசா மாசம் உங்களுக்கு 30,000 வெள்ளி மிச்சமாகும்னு வெண்டர் சொல்றார். அத மூனா பிரிச்சிருக்கார், ஆபிஸ் வேலை நேரம் மிச்சம் 11,000, ஸ்டாக் குறையுறதுல 12,000, ரிஜெக்ட்டும் ரீவொர்க்கும் குறையுறதுல 7,000. ஒவ்வொன்னா பாருங்க. ஆபிஸ் நேரம் மிச்சமாகுறது நல்ல விசயம், ஆனா ஸ்டோர்ல இருக்குற அக்காவையும் டெலிவரி ஆர்டர் அடிக்கிற பிள்ளையையும் நீங்க வேலைய விட்டு நிறுத்தப் போறதில்ல, நிறுத்தவும் வேணாம், அப்போ மாசக் கடைசியில சம்பளம் அதேதான் போவும். ஓவர்டைம் குறைஞ்சாலோ, அடுத்த வருசம் சேர்க்க வேண்டிய ஒரு ஆள சேர்க்காம சமாளிச்சாலோ மட்டும்தான் அது காசு. அதனால அந்த 11,000த்த இப்போதைக்கு அடிச்சுருங்க. ஸ்டாக் குறையுறது நிஜமான காசுதான், ஆனா அது ஒரே ஒரு தடவ வர்ற காசு, ஸ்டோர்ல கெடக்குற அலுமினியத்த ஒருதடவ குறைச்சுட்டா அடுத்த வருசம் திரும்பக் குறைக்க முடியாதுல்ல. அவர் மாசம் 12,000ன்னு 14 மாசத்துக்குப் பிரிச்சுப் போட்டதால அது முடிவே இல்லாம வர்ற மாதிரி தெரியுது, மொத்தமே 168,000 வெள்ளிதான் அது. ரிஜெக்ட் 7,000, இது நடக்க வாய்ப்பிருக்கு, வெச்சுக்கலாம்.

இப்ப செலவுப் பக்கம். கொட்டேஷன் ரெண்டாவது பக்கத்துக் கீழ இருக்கு, ரெண்டாவது வருசத்துலருந்து சந்தா மாசம் 4,500. நாலு வருசத்துக்கு 216,000. உங்க ஆளுங்க மூனு பேர் பாதி நேரத்த நாலு மாசம் பார்ட் நம்பர் சுத்தம் பண்ண, கஸ்டமர் லிஸ்ட் சரி பண்ண உக்காரணும், அதுக்கு சம்பளம் சுமாரா 24,000 போடுங்க. பழைய முறையும் புது முறையும் சேர்ந்து ஓடுற மாசங்கள்ல வர்ற ஓவர்டைம், டிரெய்னிங், "இந்த ரிப்போர்ட்ட கொஞ்சம் மாத்திக் கொடுங்க"ன்னு கேட்டா வெண்டர் போடுற பில், குறைச்சுப் போட்டாலும் 30,000. மொத்தம் அஞ்சு வருசத்துக்கு 690,000 வெள்ளி. அப்பாவோட மெஷின் விலைய தாண்டிருச்சு பாருங்க. மண்டப வாடகைய மட்டும் வெச்சு கல்யாணச் செலவு சொன்ன மாதிரிதான் அந்த 420,000.

வரவு என்ன? சிஸ்டம் ஒழுங்கா ஓட ஆரம்பிக்கவே ஒம்போது மாசம் ஆகும்னு வெச்சா மிச்சம் 51 மாசத்துக்கு 7,000 வீதம் 357,000, அதோட ஸ்டாக் 168,000, மொத்தம் 525,000. 690,000 போட்டு 525,000 எடுக்குறது. வெண்டர் கணக்க இப்படித் திருத்திப் பார்த்தா இது வேணாம்.

ஆனா இதோட நிறுத்திட்டா தம்பிக்கு அநியாயம் பண்ணதாயிரும். ஏன்னா அந்த எக்செல்ல வர வேண்டிய ரெண்டு பெரிய விசயம் வரவே இல்ல. ஒன்னு நான் மேல சொன்ன அந்த 40 மணி நேரம், அத விக்க முடிஞ்சா அதுல வர்ற லாபம். இன்னொன்னு கஸ்டமர். பாயான் லெப்பாஸ்ல 1972ல இண்டஸ்ட்ரியல் ஸோன் ஆரம்பிச்ச காலத்துல இன்டெல் மாதிரி கம்பெனிங்க வந்தப்ப சப்ளையர்கிட்ட கேட்டது பார்ட்டும் விலையும் நேரமும், இன்னிக்கு அதே மாதிரி கம்பெனிங்க இந்த பீஸ் எந்த லாட் (ஒரே தடவையில வந்த தொகுதி) மெட்டீரியல்ல, எந்த மெஷின்ல, யாரு செக் பண்ணாங்கன்னு கேட்டா அன்னிக்கே பதில் எதிர்பார்க்குறாங்க. நீங்க சிஸ்டம் போடலன்னா விற்பனை இப்படியே 9 மில்லியன்ல நிக்கும்னு எல்லாரும் மனசுக்குள்ள ஒரு கோடு போட்டு வெச்சிருக்கோம், அந்தக் கோடு கீழ இறங்கலாம். ஒரு பெரிய கஸ்டமர் போயிட்டா எவ்வளவு லாபம் போவும், அதுதான் சிஸ்டம் போடாததோட செலவு. இத ஊகமா போடாதீங்க, உங்க முதல் மூனு கஸ்டமரோட பர்ச்சேசிங் ஆளுக்கு மெயில் எழுதி, டிரேசபிலிட்டிக்கு (ஒவ்வொரு பீஸும் எங்கருந்து எப்படி வந்துச்சுன்னு தேடிச் சொல்றதுக்கு) என்ன வேணும், எந்தத் தேதிக்குள்ள வேணும், எக்செல்ல கொடுத்தா போதுமா இல்ல உங்க சிஸ்டத்தோட இணைக்கணுமான்னு எழுத்துல கேளுங்க. பதில் வந்தா அது கணக்கு. எக்செல் போதும்னு சொன்னாங்கன்னா அதுவும் நல்ல செய்திதான்.

14 மாசம்னு யார் சொன்னாலும் எனக்கு சந்தேகம் வர்றதுக்கு வேற ஒரு காரணமும் இருக்கு. மேல்நாட்டுல ஃபேக்டரிங்க நீராவி எஞ்சினிலருந்து மின்சாரத்துக்கு மாறுன கதைய பால் டேவிட்ங்கிற பொருளாதார அறிஞர் 1990ல எழுதுனார். முதல்ல எல்லாரும் எஞ்சின தூக்கிட்டு அதே இடத்துல ஒரு பெரிய மோட்டார வெச்சாங்க, மேல ஓடுற ஷாஃப்ட்டும் பெல்ட்டும் அப்படியே இருந்துச்சு, உற்பத்தி பெருசா கூடல. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி மோட்டார் வெச்சு, வேலை போற வரிசைக்கு ஏத்த மாதிரி ஃபேக்டரி தரையவே மாத்தி அமைச்சதுக்கு அப்புறம்தான், அதாவது சில பத்து வருசம் கழிச்சு, 1920கள்ல பலன் கொட்டுச்சு. கம்ப்யூட்டர் விசயமும் இதே வழியிலதான் போவுது. சிஸ்டம் வாங்குனா பலன் வராது, சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி வேலை முறைய மாத்துனாதான் வரும், அந்த மாத்தத்துக்கு ஆவுற செலவு கொட்டேஷன்ல இருக்காது.

பெரிய கம்பெனிங்களே இதுல அடி வாங்கியிருக்காங்க. டார்கெட்ங்கிற அமெரிக்கக் கடை 2013ல கனடாவுக்குப் போச்சு, 133 கடை திறந்தாங்க, 2015 ஜனவரியில எல்லாத்தையும் மூடுறோம்னு அறிவிச்சுட்டாங்க. காரணம் பல இருந்தாலும் முக்கியமான ஒன்னு புது சிஸ்டத்துல அவசர அவசரமா ஏத்துன டேட்டா, சாமானோட நீள அகலம்கூட தப்பா இருந்துச்சு, கிடங்கு நிரம்பி வழியுது கடையில ராக்கு காலியா இருக்கு. ஜெர்மனியில லிடில்ங்கிற சூப்பர்மார்க்கெட் கம்பெனி 2011ல ஆரம்பிச்ச எஸ்ஏபி (ஒரு ஈஆர்பி சாஃப்ட்வேர்) ப்ராஜெக்ட்ட 2018ல கைவிட்டாங்க, சுமார் 500 மில்லியன் யூரோ போச்சுன்னு செய்தி வந்துச்சு. அவங்க ஸ்டாக்க வாங்குன விலையில மதிப்பு போடுறவங்க, அந்த சாஃப்ட்வேர் விக்கிற விலையில போடுறது, லிடில் தன் முறைய மாத்திக்க மாட்டேன்னு சாஃப்ட்வேர மாத்த ஆரம்பிச்சதுலதான் சிக்கல் பெருசாச்சுன்னு சொன்னாங்க.

உங்க ஃபேக்டரியில இதே கேள்வி அப்பா கஸ்டமருக்கு விலை போடுற முறையிலதான் வருது மா. அவர் டிராயிங்க பார்த்து மெட்டீரியல் எடை, மெஷின் நேரம், அப்புறம் அனுபவத்துல ஒரு தொகைன்னு போடுறார்னு எழுதியிருக்கீங்க. சிஸ்டம் வேற மாதிரி கேக்கும், ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தனி நேரம், தனி ரேட்டு. அப்பா மாறுவாரா, இல்ல சாஃப்ட்வேர மாத்தச் சொல்லுவாரா? கையெழுத்துக்கு முன்னாடி இத வீட்ல உக்காந்து பேசிருங்க, அப்புறம் பேசுனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் பில் வரும்.

கணக்குப் புத்தகத்துல இது எப்படி உக்காருங்கிறதும் உங்க முடிவ பாதிக்கும், நீங்க அக்கவுன்ட்ஸ் பார்க்குறதால சொல்றேன். மெஷின் வாங்குனா அது சொத்து, பேங்க்குக்கு அத அடமானமா காட்டலாம், ஹயர் பர்ச்சேஸ் கிடைக்கும், செலவ வருசக்கணக்குல பிரிச்சு எழுதலாம். கிளவுட் சந்தா அப்படி இல்ல, சாஃப்ட்வேர் உங்க கையில இல்ல, வெண்டர் சர்வர்ல இருக்கு. 2021 ஏப்ரல்ல சர்வதேச கணக்கியல் விளக்கக்குழு சொன்னபடி, இப்படிப்பட்ட கிளவுட் சாஃப்ட்வேர உங்களுக்கு ஏத்த மாதிரி அமைச்சுக் கொடுக்க ஆவுற காசு பெரும்பாலும் செலவாத்தான் போவும், சொத்தா ஏறாது. அது பெரிய கம்பெனிங்க பின்பத்துற தரத்துக்குச் சொன்னது, உங்க மாதிரி தனியார் கம்பெனிக்கு எம்பிஇஆர்எஸ்ங்கிற மலேசியக் கணக்குத் தரம், அதுல எப்படி எழுதணும்னு ஆடிட்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வெச்சுக்குங்க. ஏன்னா 420,000ல பெரும்பகுதி முதல் வருசமே லாபத்துலருந்து கழிஞ்சா, அந்த வருச கணக்கப் பார்த்து பேங்க் முகம் சுளிக்கும். பேங்க் ரெண்டுக்கும் சேர்த்துக் கடன் கொடுக்கத் தயங்குறதுல ஒரு பகுதி இதுதான்.

இதுல இன்னொரு ஆபத்து இருக்கு, பெரிய கம்பெனியிலயும் இத பார்க்குறேன். 650,000 வெள்ளி மெஷின்னா டைரக்டர் எல்லாரும் உக்காந்து ரெண்டு மாசம் பேசுவாங்க. மாசம் 300, 500, 1,200ன்னு வர்ற சந்தாவுக்கு யாரும் மீட்டிங் போடுறதில்ல, ஆளாளுக்கு ஒன்னு எடுத்து கார்டுல கட்டிருவாங்க, அஞ்சு வருசத்துல அது பெரிய தொகையா வந்து நிக்கும், யாரும் முடிவு எடுக்காமலே எடுத்த முதலீடு அது. அதனால எந்த சந்தாவா இருந்தாலும் 60 மாசத்தால பெருக்கி, அந்தத் தொகைக்கு மெஷின் வாங்குறதா இருந்தா எப்படி யோசிப்பீங்களோ அப்படி யோசிங்க. வெளிநாட்டு சந்தான்னா சேவை வரியும் உண்டு, 2024 மார்ச்சுலருந்து 8 விழுக்காடு. டாலர்ல கட்டுறதா இருந்தா இன்னும் கவனம், 2024 பிப்ரவரியில ஒரு டாலர் 4.80 வெள்ளி வரைக்கும் போச்சு, அதே வருசம் செப்டம்பர் கடைசியில 4.20க்குக் கீழ வந்துச்சு, 1,000 டாலர் சந்தாவுக்கு மாசம் 600 வெள்ளிக்கு மேல வித்தியாசம். வெண்டர்கிட்ட வெள்ளியில ரேட்டு கேளுங்க, மூனு வருசத்துக்கு மாறாம.

இ-இன்வாய்ஸ் (இன்வாய்ஸ வரி வாரிய சிஸ்டம் வழியா மின்னணுவா அனுப்புறது) செலவ தம்பி இந்தக் கொட்டேஷனுக்குள்ளேயே சேர்த்திருக்கான், அத வெளிய எடுங்க. அது சட்டம், உங்க விற்பனை அளவுக்கு 2025 ஜூலை 1லருந்து கட்டாயம், அதுக்கு போட்ட காசு எப்பத் திரும்பும்னு கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்ல. வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்னோட மைஇன்வாய்ஸ் போர்ட்டல் இலவசம், உங்க இன்வாய்ஸ் எண்ணிக்கைக்கு ஒவ்வொன்னா அடிக்கிறது சிரமம்னா இப்ப நீங்க வெச்சிருக்கிற அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்லயே இணைப்பு இருக்கான்னு பாருங்க. கட்டாயச் செலவ விருப்பச் செலவோட கலந்து "எப்படியும் செய்யணும்ல"ன்னு சொல்லித்தான் பல பெரிய கொட்டேஷன் பாஸாவுது. இதுல ஒரு நல்லது இருக்கு, இ-இன்வாய்ஸுக்காக கஸ்டமர் வரி எண், சாமான் வகைக் குறியீடு எல்லாம் சரிபார்த்திருப்பீங்க, நாளைக்கு ஈஆர்பி போட்டா டேட்டா சுத்தம் பண்ற வேலையில ஒரு பங்கு முடிஞ்ச மாதிரி.

சலுகைங்கள வேகமா சொல்லிடுறேன். உற்பத்தித் துறைக்கு ஆட்டோமேஷன் கேபிட்டல் அலவன்ஸ் (ஆட்டோமேஷனுக்குப் போட்ட காச வரிக்கணக்குல கழிக்கிறது) இருக்கு, முதல் 10 மில்லியன் வெள்ளி வரைக்கும் 100 விழுக்காடு, 2027 மதிப்பீட்டு ஆண்டு வரைக்கும், மிடாவுல (மலேசிய முதலீட்டு மேம்பாட்டு ஆணையம்) விண்ணப்பிக்கணும், நீங்க வாங்குறது அதுல வருமான்னு முதல்ல கேளுங்க. கம்ப்யூட்டர் சாதனம், சாஃப்ட்வேர் பேக்கேஜ் வாங்குனா 2024 மதிப்பீட்டு ஆண்டிலருந்து முதல் வருசம் 40 விழுக்காடு தொடக்கக் கழிவும் வருசத்துக்கு 20 விழுக்காடும், மூனு வருசத்துல முடிஞ்சுரும். மலேசியத் தொழிலாளர் 10 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா எச்ஆர்டி கார்ப்புக்கு (தொழிலாளர் பயிற்சிக்கான அரசாங்க அமைப்பு) சம்பளத்துல 1 விழுக்காடு லெவி கட்டிக்கிட்டு இருப்பீங்க, டிரெய்னிங் செலவ அதுலருந்து எடுங்க, அது உங்க காசுதான், எடுக்காம விடுற கம்பெனி ஏராளம். எந்த அரசாங்க கிராண்ட்டா (மானியமா) இருந்தாலும் அப்ரூவல் கைக்கு வர்றதுக்கு முன்னாடி வெண்டருக்கு டெபாசிட் கட்டாதீங்க. கிராண்ட் கிடைக்குதேன்னு தேவையில்லாதத வாங்கவும் வேணாம்.

இனி ஆளுங்க விசயம், என்னைக் கேட்டா இதுதான் மத்த எல்லாத்தையும் விட முக்கியம். மெஷின்ல சென்சார் மாட்டுற அன்னிக்கு உங்க செட்டர் அண்ணன் என்ன நினைப்பார்? நம்மள வேவு பார்க்க வந்துட்டாங்கன்னு நினைப்பார். அப்படி ஒரு தடவ மனசுல விழுந்துச்சுன்னா நம்பர் பொய்யாயிரும், பச்சை லைட்டு எரியணும்னே மெஷின வெறுமனே ஓட விடுவாங்க. மாட்டுறதுக்கு முன்னாடி அப்பா வாயால சொல்லணும், நீங்களோ தம்பியோ சொல்றத விட அவர் சொன்னாதான் எடுபடும், இது உங்க வேலைய எது தடுக்குதுன்னு கண்டுபிடிக்க, யாரு சம்பளத்தயும் வெட்ட இல்லன்னு. சொன்ன மாதிரி நடக்கவும் வேணும். முதல் வார நம்பர் வந்ததும் ஆபிஸ்ல பேசுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட காட்டுங்க, "ஏன் இங்க நின்னுச்சு"ன்னு கேளுங்க, கியூசியில ஆள் பத்தல, இந்த டூல் ஒன்னே ஒன்னுதான் இருக்கு ரெண்டு மெஷினுக்கு மாத்தி மாத்தி எடுக்குறோம்னு அவங்களே சொல்லுவாங்க. அதுல பாதிக்கு மருந்து சில நூறு வெள்ளிதான். நேப்பாள், வங்காளதேசத் தம்பிங்க வேலை செய்றாங்கன்னா, ஏன் நின்னுச்சுன்னு தட்டுற ஸ்கிரீன்ல ஆங்கிலம் மட்டும் இருக்கக் கூடாது, படம் போட்ட பட்டன் அஞ்சாறு போதும்.

அப்பா கண்ணுக்குத் தெரியாததுக்கு காசு கொடுக்க மாட்டேங்கிறத பிடிவாதம்னு நினைக்காதீங்க. காசு போட்டா என்ன வருதுன்னு காட்டச் சொல்றார், எந்த முதலாளியும் கேக்க வேண்டிய கேள்விதான் அது, தம்பி அதுக்கு பதில் சொல்லத்தான் வேணும். அதே நேரம் எந்த மெட்டீரியலுக்கு எந்த வேகம், எந்த கஸ்டமர் டிராயிங்ல எந்த அளவு கறாருன்னு அப்பா தலையிலயும் செட்டர் அண்ணன் தலையிலயும் மட்டும் இருக்குறது கம்பெனிக்கு பெரிய ஆபத்து, அந்த அறிவ எழுதி வெக்கிறதுக்கு ஈஆர்பி வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், தம்பி ஒரு போனும் நோட்டும் எடுத்துக்கிட்டு அவங்க பக்கத்துல நின்னாலே ஆரம்பிச்சுரலாம்.

அதனால என் வரிசை இப்படி. முதல் மூனு மாசம் அளக்குறதும் செட்டப்ப குறைக்கிறதும், செலவு சில ஆயிரத்துக்குள்ள. அதுக்குள்ள கஸ்டமர் மெயிலுக்கும் பதில் வந்துரும். ஓடுன நேரம் குறைவா இருந்து செட்டப் இறங்குதுன்னா மெஷின ஒரு வருசம் தள்ளிப் போடுங்க, அந்தக் கடன் இடம் சிஸ்டத்துக்குக் கிடைக்கும், ஆனா மொத்தமா வேணாம், கஸ்டமர் எழுத்துல கேட்ட டிரேசபிலிட்டிக்கு வேண்டிய பகுதியும் ஸ்டாக்கும் மட்டும் முதல் கட்டம். ஆறு மாசத்துல ஸ்டாக் இவ்வளவு குறையணும், ஒரு லாட்ட தேடி எடுக்க இத்தன நிமிசம்தான் ஆகணும்னு இப்பவே எழுதி வெச்சுக்குங்க, ஆகலன்னா ரெண்டாவது கட்டம் கிடையாது, எவ்வளவு போட்டிருந்தாலும் சரி. இந்த நிறுத்துற நிபந்தனைய ஆரம்பிக்கும்போதே எழுதலன்னா நடுவுல யாருக்கும் நிறுத்த மனசு வராது, இவ்வளவு போட்டாச்சே இன்னும் கொஞ்சம் போடலாம்னுதான் தோனும். நம்பர் வேற மாதிரி வந்து மெஷின்தான் வேணும்னு ஆனா, அதுக்கு ரெண்டு ஷிஃப்ட்டுக்கும் ஆள், டூல், கியூசியில கூட ஒரு ஆள், எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. சிஸ்டத்துக்குப் போட்ட அதே கறார் மெஷினுக்கும் வேணும்.

வெண்டரோட அக்ரிமென்ட்ல நாலு இடத்த மட்டும் நல்லா பாருங்க. காசு கட்டுறது மாசத்த வெச்சு இல்லாம வேலை முடிஞ்ச கட்டத்த வெச்சு இருக்கணும். நீங்க விலகுனா உங்க டேட்டா முழுசும் சாதாரண எக்செல் ஃபைலா எத்தன நாள்ல கைக்கு வரும்னு எழுதியிருக்கணும். சந்தா வருசத்துக்கு எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்ங்கிறதுக்கு ஒரு வரம்பு வேணும். அப்புறம் தொழிலாளர் விவரம் வெளிய கசிஞ்சா உங்களுக்கு எவ்வளவு நேரத்துல சொல்லுவாங்கன்னு இருக்கணும், ஏன்னா திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 2025 ஜூன்லருந்து கமிஷனருக்கு 72 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்க வேண்டிய பொறுப்பு உங்களோடது, வெண்டரோடது இல்ல. நீங்க அனுப்புனதுல கொட்டேஷனும் எக்செல்லும் மட்டும்தான் இருக்கு, அக்ரிமென்ட் டிராஃப்ட் இல்ல. அத வெண்டர்கிட்ட கேட்டு வாங்கி அனுப்புங்க மா, டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி நான் படிச்சுட்டு சொல்றேன்.